ரேடியோ பேசட்டும்

நவம்பர் 2

பாண் வாங்கப் போன காக்கா ரேடியோவோடு வந்தார். பாண் எங்கே என்று கேட்டால் பேக்கரியிலேயே மறந்துவிட்டாராம். கூடப்பிறந்த ஒரே அண்ணன், அடுத்த வளவிலேயே இருக்கிற காக்கா என்றால் இப்படித்தான். நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

ரேடியோ பழையது. இரண்டு பாணை ஒட்டி வைத்த அளவு, பால்தேத்தண்ணி நிறத்தில் பிளாஸ்டிக் கூடு. ஒரு பக்கம் நிலையம் பிடிக்கிற முள், மறு பக்கம் வட்டமாக ஒரு மணிக்கூடு. சொன்ன நேரத்துக்கு மணிக்கூடே ரேடியோவைப் போட்டு ஆளை எழுப்பிவிடுமாம். உள்ளே எல்லாம் வால்வு! இத்தனை வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தும் வால்வைக் கரும்பலகையில் கீறியிருக்கிறேனே தவிர, கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

கரைத்தீவுப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் ஜெமீல் என்பவருடையது. அவருடைய வாப்பா கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அமெரிக்காவில் வாங்கினாராம். ஊருக்குக் கொண்டுவந்த அன்றைக்கே சுவரில் சொருகினாராம், புகை வந்ததாம், அதோடு சரி. அந்த வீட்டில் யாருமே அது பேசிக் கேட்டதில்லை. 

"டீச்சருக்கு ஏலுமெண்டா பாக்கட்டுமாம். அவசரமில்லையாம்" என்றார் காக்கா.

ஏலுமென்றாலா? எங்கள் தில்லையடியில் மிக்ஸி பழுதானாலும் மின்விசிறி நின்றாலும் யாரிடம் வருகிறார்கள்? ஓய்வூதியக்காரிக்கு இந்த மாரிக்கு ஒரு வேலை கிடைத்தது. மேசையில் கிடந்த மோட்டரைத் தள்ளிவிட்டு ரேடியோவை நடுவில் வைத்தேன்.

நவம்பர் 5

பின்மூடியைத் திறந்தேன். கரப்பான் முட்டை, பல்லி ஒன்றின் எலும்புக்கூடு, ஒரு பிடி தூசி. தகட்டில் 117 வோல்ட் என்று கண்டதும் கதை விளங்கிவிட்டது. நம்முடையது இருநூற்று முப்பது. ஜெமீலின் வாப்பா, பாவம், ஆசை ஆசையாகக் கொண்டுவந்து நேரே சொருகியிருக்கிறார்.

ஐந்து வால்வு, மாலை கோத்த மாதிரி ஒரே வரிசையில். ஒன்று போனால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கு ஒன்று கருகிப் போயிருக்கிறது. அது முந்திக்கொண்டதால் மற்ற நான்கும் தப்பியிருக்கின்றன. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், நான்கும் உயிரோடு. சத்தமாகச் சிரித்துவிட்டேன். தனியே சிரிக்கிறாளே என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாதது எவ்வளவு நிம்மதி.

நவம்பர் 9

அட, இதற்குத்தானா ரேடியோ!

காக்காவும் அவர் மனைவி ஸஃப்னா மதினியும் மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வந்து கதிரையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போதே சந்தேகம். பிறகு காக்கா மெல்ல ஆரம்பித்தார். ஜெமீலுக்கு மனைவி மௌத்தாகி ஆறு வருஷமாம். மகன் குடும்பத்தோடு இருக்கிறாராம். நல்ல மனிதராம், தொழுகையாளியாம். என்னை நிக்காஹ் செய்யக் கேட்கிறாராம்.

"எனக்கு அம்பத்தஞ்சு வயசு, காக்கா."

"அவருக்கு அம்பத்தெட்டு. அதுக்கென்ன?"

"நான் உங்களிட்ட கேட்டனா? எனக்கு சாப்பாடு இல்லையா, வீடு இல்லையா?"

"நான் கண்ண மூடினா உனக்கு யார் இரிக்கிற?" என்றார். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் கோபம் கூடியது. கையில் ஸ்க்ரூ டிரைவர், முன்னால் செத்த ரேடியோ. வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது: "இந்த ரேடியோ பேசட்டும். பேசின அண்டைக்கு நான் பதில் சொல்றன்!"

பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னேன். காக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். தவளை தன் வாயாலே கெடுமாம். ஐம்பத்தைந்து வயதுத் தவளை.

என் மகள் ஷிம்லாவின் வாப்பா நல்ல மனிதர், ஒரு குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் வேலை முடிந்து கந்தோரால் வருவதற்கு முன் மேசையை ஒதுக்கிவிடுவேன். கம்பி, ஸ்க்ரூ, பாதி திறந்த சாமான் எல்லாம் பெட்டிக்குள் போகும். அவர் ஒருநாளும் ஒதுக்கச் சொன்னதில்லை. முகம் சுழிப்பார், அவ்வளவுதான். அவர் மௌத்தாகி இத்தனை காலமாக இந்த மேசையை நான் ஒதுக்கவில்லை. காலையில் விட்ட ஸ்க்ரூ மாலையிலும் விட்ட இடத்தில் கிடக்கும். இதை யாருக்காவது சொன்னால் விளங்குமா? ஒரு மேசைக்காகவா என்பார்கள். ஓம், ஒரு மேசைக்காகத்தான்!

நவம்பர் 10

மகள் ஷிம்லா கட்டாரிலிருந்து பேசினாள். மாமா முழுக்கதையும் சொல்லிவிட்டாராம். சிரித்துச் சிரித்து, கடைசியில் "உம்மா, ரேடியோவ ஒழுங்கா செய்ங்க" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 14

வாக்குப் போட்டுவிட்டு வந்து, மை காயாத விரலோடு வேலைக்கு உட்கார்ந்தேன். மெழுகு பூசிய பழைய கண்டென்சர்கள் ஒன்றுக்கும் உதவாது. பிள்ளைகளுக்குக் கொள்ளளவி என்று எழுதிக் கொடுப்பேன், வீட்டில் அது கண்டென்சர்தான். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈயம் உருக்கிப் புதியது பற்றாசு வைத்தேன்.

வேண்டுமென்றே மெதுவாகச் செய்யலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது, போய்விட்டது. பழுதான சாமானை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. இதுதான் என்னுடைய வியாதி.

நவம்பர் 27

நாலு நாளாக விடாத மழை. கடல்நீர்க் களப்பு எது றோட்டு எது என்று தெரியவில்லை. ஊர்க்கழுதைகள் மூன்று நம் விறாந்தையில் ஏறி நிற்கின்றன. விரட்டினேன், போகவில்லை. பழைய பாணைப் போட்டேன், அதற்குப் பிறகு எப்படிப் போகும்?

கரண்ட் வருகிறது, போகிறது. மணிக்கூட்டின் பற்சக்கரங்களில் கிறீஸ் கல்லாக இறுகியிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன்.

டிசம்பர் 6

ஜெமீல் வந்தார். தனியாக இல்லை, காக்காவும் மதினியும் கூட.

ஒல்லி. வெயிலில் கறுத்த கை. பேச்சுக்கு முன் கொஞ்சம் யோசிக்கிறார், அதற்குள் நான் மூன்று வசனம் பேசிவிடுகிறேன். தன்னுடைய பகிடிக்குத் தானே முதலில் சிரிக்கிறார், அது எனக்குப் பிடிக்கவில்லை. வால்வுகளைப் பார்த்துவிட்டு, "இந்த பல்பு எல்லாம் முள்ளுக்கு வெளிச்சம் குடுக்கவா, டீச்சர்?" என்று கேட்டாரே! எனக்குள்ளே இருந்த டீச்சர் எழும்பிவிட்டாள். வால்வு என்றால் என்ன, மின்சாரம் எப்படி அதற்குள் ஒரு பக்கமாக மட்டும் போகிறது என்று ஒரு பாடமே எடுத்தேன். கடைசிவரை கேட்டார்.

"விளங்கிச்சா?"

"இல்ல, டீச்சர். ஆனா நீங்க சொல்றத கேக்க நல்லா இரிக்கு."

காக்கா தொண்டையைச் செருமினார். மதினி குசினிக்குள் ஓடிவிட்டாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது, கோபத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மதினி தேத்தண்ணி கொண்டுவந்து வைக்க மேசையில் இடம் தேடினாள். ஒரு கையால் என் கண்டென்சர்களைத் தள்ளப் போனபோது ஜெமீல், "இல்ல மதினி, தாங்க, கைல வச்சிக்கிறன்" என்றார். போகும்வரை கோப்பையும் சோசரும் கையிலேதான். மேசை மூலையில் ஒரு கோப்பைக்கு இடம் இருந்தது, அவரும் அதைப் பார்த்தார். வைக்கவில்லை.

டிசம்பர் 11

பஸ் ஏறிச் சிலாபம் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த மனுவேலின் கடையில் பழைய ரேடியோ, டீவி, சூரிய மின்தகடு எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று. கருகின வால்வின் இலக்கத்தைக் காட்டினேன்.

"அய்யோ டீச்சர், இத இப்ப யார் தேடுற? ஒரு டயோட் போட்டு விடுங்க, வேல முடிஞ்சி."

"டயோட் போட்டா அது வால்வு ரேடியோவா? நான் வால்வுதான் போடுவன்."

"ஹரி, ஹரி, சரி டீச்சர். சண்ட புடிக்காம இரிங்க" என்று ஏணி வைத்து மேலே ஏறி, சவர்க்காரப் பெட்டி ஒன்றை இறக்கினார். அதற்குள் பருத்தியில் சுற்றின வால்வுகள். என்னுடையதும் இருந்தது! மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஒன்றும் வாங்கினேன். வரும் வழியெல்லாம் வால்வை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவர் சாயும்போதெல்லாம் முறைத்தேன்.

டிசம்பர் 19

ரேடியோவைக் காணோம்!!

பக்கத்துத் தெருவில் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள், போய்விட்டு வந்தால் மேசை வெறுமை. கள்ளன் இல்லை, காக்கா. மதினிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தால் ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், பேச வைத்துவிடுவார்களாம், கொண்டு போயிருக்கிறாராம். போன் அடிக்கிறேன், எடுக்கிறாரில்லை. 

யாரைக் கேட்டு எடுத்தார்? ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லையா? அந்த வால்வை நான் இன்னும் போடவே இல்லையே. எண்ட மேசை, எண்ட வேல, எண்ட பதில்! எனக்கு ஒரு வேலை மிச்சம் வைக்கமாட்டார்களா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதேன். ரேடியோவுக்காக ஒரு பெண் அழுவாளா என்று கேட்டால் ஓம், அழுவாள்.

டிசம்பர் 20

ரேடியோ வந்துவிட்டது. 

காக்கா வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நடந்ததை மதினி வந்து சொன்னாள். துணைக்கு ஜெமீலையும் கூப்பிட்டுக்கொண்டு போவோம் என்று காக்கா புத்தளம் பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வந்தவர் பையைத் திறந்து பார்த்ததும், டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது என்றதும் பஸ்ஸில் ஏறவிடவில்லையாம்.

"அவ செய்ற வேலய இன்னொருத்தர் செஞ்சி குடுத்தா, வாறது அவட பதில் இல்லயே, காக்கா" என்றாராம். "வேணாம் எண்டு சொன்னாலும் அவ சொல்லட்டும்" என்றாராம்.

இதை எழுதிவிட்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எடுத்து வட்டிலப்பம் அவித்தேன். சூடு ஆறியதும் காக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பேசவில்லை, கொடுத்தேன்.

ஜனவரி 4

ஐந்து வால்வும் எரிந்தன. சின்னச் சின்னச் செம்மஞ்சள் வெளிச்சம். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஷா அல்லாஹ். சத்தம் இல்லை, ஒலிபெருக்கியில் எங்கோ கம்பி விட்டிருக்கிறது. பரவாயில்லை.

ஜனவரி 12

பேசியது!

அஸர் தொழுதுவிட்டு வந்து, ஒலிபெருக்கிக் கம்பியைப் பற்றாசு வைத்து, முள்ளைத் திருப்பிக்கொண்டே போனேன். இரைச்சல், இரைச்சல், பிறகு ஒரு ஆண் குரல் தெளிவாக: வாழையில் வாடல் நோய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று. கடலுக்கு அந்தப் பக்கம், இந்தியாவில் ஏதோ விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. பாதிக்கப்பட்ட மரத்தை வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டுமாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாழை நோயைக் கேட்டேன்.

சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். காக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பேசிட்டுது! அல்ஹம்துலில்லாஹ், பேசிட்டுது!" என்று கத்துகிறார். தெருவுக்கே கேட்டிருக்கும். ஒரே ஓட்டமாக வந்து, "இப்ப சொல்லு" என்றார்.

"மணிக்கூடு இன்னும் சரியில்ல, காக்கா. பிந்துது. இது மணிக்கூட்டு ரேடியோ. ரெண்டும் சரியா வரணும்."

"மணிக்கூட்டப் பத்தி நீ அண்டைக்கி ஒண்டும் சொல்லல்லயே!"

சொல்லவில்லைதான். ஆனால் மணிக்கூடு பிந்துவது பொய்யில்லை. இரண்டு தரம் எண்ணெய் விட்டுவிட்டேன், திரும்பவும் பிந்துகிறது.

ஜனவரி 20

திங்கட்கிழமை சுன்னத்து நோன்பு பிடிப்போம் என்று நேற்று இரவு இஷாத் தொழுதுவிட்டு மணிக்கூட்டைச் சரியாக வைத்து, விடியுமுன் ஸஹர் சாப்பிட எழுப்பச் சொல்லித் திருப்பிவிட்டுப் படுத்தேன். என்னை எழுப்பியது ரேடியோ இல்லை, விடியற்கால ஸுபஹ் பாங்கு! விழுந்தடித்து எழும்பிப் பார்த்தால் மணிக்கூடு ஆறுதலாக மூன்றரையைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு.

வெறும் வயிற்றோடு மூன்றாந்தரம் எண்ணெய் விட்டேன். பிறகு கைப்போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் பத்து நிமிஷம் பிந்தியது. அடுத்த மணித்தியாலத்திலும் பத்து. கிறீஸ் என்றால் ஒருதரம் ஐந்து பிந்தும், ஒருதரம் பதினைந்து பிந்தும். இது ஒழுங்காக அல்லவா பிழை விடுகிறது? டோர்ச் அடித்து, ஈரத்துணியால் தகட்டைத் துடைத்தேன். 117 வோல்ட், அதற்குக் கீழே, தூசிக்குள்ளே: 60 சைக்கிள்.

எண்ட அல்லாஹ்!

அமெரிக்காவில் மின்சாரம் செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும். இங்கே ஐம்பது. மீடிறன் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். இந்த மணிக்கூட்டு மோட்டர் அந்தத் துடிப்பை எண்ணித்தான் ஓடுகிறது. எத்தனை எண்ணெய் விட்டு என்ன? இருபத்தொன்பது வருஷம், வருஷா வருஷம், கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டவள் நான்: எமது நாட்டில் ஆடலோட்டத்தின் மீடிறன் 50. பரீட்சையில் எழுதாத பிள்ளைக்குப் புள்ளி வெட்டியவளும் நான். வோல்ட்டைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது என்று தகட்டின் மிச்சத்தை வாசிக்காமல் விட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் கேள்வியை முழுக்க வாசி, முழுக்க வாசி என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! நோன்போடு வயிறு குலுங்கச் சிரித்தேன்.

ஜனவரி 21

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று அந்தத் தகட்டைப் பார்த்தபோது சிரிப்புக்கு முன்னால் இன்னொன்று வந்தது. அப்பாடா என்று ஒரு நிம்மதி. இது லேசில் சரிவராது, பதிலைத் தள்ளிப் போடலாம் என்ற நிம்மதி.

ஆகவே எனக்கு விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் விருப்பமில்லை என்று சொல்லிவிட வேண்டியதுதானே? அதையும் சொல்ல வாய் வருகுதில்லை. ரேடியோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும் என்பதாலா? சீ, ரேடியோவாலா!

பயம்தான். இந்த வயதில் திரும்பவும் ஒருவரின் காலடிச் சத்தத்துக்கு மேசையை ஒதுக்க ஆரம்பித்துவிடுவேனோ என்று பயம். அவர் ஒதுக்கச் சொல்வார் என்றில்லை. நானே செய்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஜனவரி 29

காக்கா ஜெமீலைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும், "போடு, கேக்கட்டும்" என்று காக்கா ரேடியோப் பக்கம் போக, ஜெமீல் மறித்துவிட்டார்.

"வேணாம் காக்கா. நான் இப்ப கேட்டா, பேசிட்டுது, பதில் சொல்லுங்க எண்டு டீச்சருக்கு கரைச்சல் குடுக்கிற மாதிரி ஆகும்."

வாப்பா வாங்கின ரேடியோ. பிறந்ததிலிருந்து அலுமாரிக்கு மேல் பார்த்த ரேடியோ. கை நீட்டினால் கேட்கலாம், கேட்கவில்லை. 

அறுபது சைக்கிள் கதையைச் சொன்னேன். என் முட்டாள்தனத்தை மறைக்காமல், எண்ணெய் விட்டது உட்படச் சொன்னேன். இந்தத் தரம் அவருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப அது பிழ விடல்லயே, டீச்சர். அதுட ஊர்க் கணக்குக்கு அது சரியாத்தான் ஓடுது" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், அவருக்கு முந்தியே.

மழை முடிந்துவிட்டதால் வருகிற கிழமை உப்பளத்தில் தண்ணீர் கட்ட வேண்டுமாம். "பதில நோன்பு மாசத்துக்குப் பொறகு சொன்னாலும் சரி. வேணாம் எண்டாலும் ரேடியோ உங்களிட்டயே இரிக்கட்டும்" என்றார். போன பிறகு வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

பெப்ரவரி 3

மனுவேலிடம் போன் பண்ணினேன். சூரிய மின்தகட்டுக்குப் பாவிக்கிற சின்னப் பலகை ஒன்று இருக்கிறதாம். பெற்றரியிலிருந்து வீட்டு மின்சாரம் செய்வது. ஐம்பது வேண்டுமென்றால் ஐம்பது, அறுபது வேண்டுமென்றால் அறுபது. ஒரு முனையை மாற்றிப் பற்றாசு வைத்தால் போதும். பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன் என்றார்.

வேண்டாம், ஆறுதலாக வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். "இண்டைக்கே போடுங்க" என்றேன்.

பெப்ரவரி 9

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. மின் நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்ததாம்! என்னுடைய மணிக்கூடு மட்டும் பெற்றரியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பெப்ரவரி 13

நேற்று இரவு ஸஹருக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். சொன்ன நேரத்துக்கு, நிமிஷம் பிசகாமல், ரேடியோ எழுப்பியது. அந்த நேரத்தில் நான் வைத்த இடத்தில் நிலையம் ஒன்றும் இல்லை, வெறும் இரைச்சல். இரைச்சலும் ஆளை எழுப்பத்தானே செய்கிறது! 

எழும்பி உட்கார்ந்து "சரியா வந்துட்டுது!" என்றேன். வாய்விட்டு. யாரிடம் சொன்னேன்? காக்காவை நினைத்துச் சொல்லவில்லை. ஷிம்லாவை நினைத்தும் இல்லை. அவரிடம்தான். அவர் யோசித்து யோசித்து என்ன சொல்வார் என்று கேட்க ஆசையாக இருந்தது. தனியே இருந்து சாப்பிடுவது எனக்குப் பழகினது, அதில் குறை எதுவும் இல்லை. இன்றைக்கும் குறை இல்லை. ஆனாலும் சொல்ல ஆசையாக இருந்தது. 

மேசையைப் பார்த்தேன். எல்லாம் கிடந்தபடி கிடந்தன. கோப்பையைக் கடைசிவரை கையில் வைத்திருந்த மனிதருக்காக நான் எதை ஒதுக்க வேண்டும்? ஒதுக்க மனம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். இவ்வளவு வயதுக்கு அதுகூடவா ஏலாது?

அஸருக்குப் பிறகு காக்கா வீட்டுக்கு நானே போனேன்.

"மணிக்கூடு சரியாயிட்டுது, காக்கா."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அப்ப, பதில்?"

"மஹர் என்ன வேணுமெண்டு ஜெமீல் கேட்டா, அந்த ரேடியோவ எழுதச் சொல்லுங்க."

"ரேடியோவா? அதத்தான் அவர் உன்னயே வச்சிக்கச் சொல்லிட்டாரே. நீ மொதல்ல பதில சொல்லு. ஓமா, இல்லயா? மஹர பொறகு பாப்போம்" என்றார் காக்கா.

குசினிக்குள் சட்டி விழுந்த சத்தம். மதினி கையில் அகப்பையோடு ஓடிவந்தாள். "அல்லாஹ்! நிக்காஹ்ல மாப்பிள பொண்ணுக்குக் குடுக்கிற மஹர கேக்கிறா எண்டா என்ன அர்த்தம்? மனிசா, உங்களுக்கு தலைக்குள்ள களிமண்ணா?"

காக்கா வாயைத் திறந்தார், மூடினார். பிறகு தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன்.

"நான் எண்ட வீட்ட விட்டு வரமாட்டன், அதையும் சொல்லிடுங்க" என்றேன். 

"அத அவர் எப்பவோ சொல்லிட்டார். அவர் இங்க வர பேக் ஒண்டு போதுமாம்" என்றார் துவாய்க்குள்ளிருந்து.

பெப்ரவரி 28

ஜும்ஆவுக்குப் பிறகு நிக்காஹ். காக்கா வீட்டில், பத்துப் பதினைந்து பேர்.

மஹரை எழுதும்போது பதிவாளர் பேனையைப் பிடித்துக்கொண்டு, ரேடியோவின் பெறுமதி என்ன போட என்று கேட்டாராம். "எனக்கு எப்பிடித் தெரியும்? நான் அது பேசிக் கேட்டதே இல்ல" என்று ஜெமீல் சொல்ல, சபையே சிரித்ததாம். நானும் மதினியும் உள்ளறையில் இருந்தோம். சிரிப்புத்தான் எங்களுக்குக் கேட்டது.

ஷிம்லா வீடியோவில் முழு நேரமும் அழுது, மூக்கைச் சிந்திச் சிந்தி, "உம்மா, வடிவா இரிக்கிறீங்க" என்றாள்.

மார்ச் 1

காலையில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தமே இல்லை. ஆள் இருக்கிறாரா, உப்பளத்துக்குப் போய்விட்டாரா என்று எட்டிப் பார்த்தேன். மேசைக்கு முன்னால் நிற்கிறார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதகர் வந்த மாதிரி ரேடியோவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"போட்டுப் பாக்கிறதுதானே?"

"மஹர் உங்கட சொத்து, டீச்சர். உங்களக் கேக்காம எனக்குத் தொடக் கூடாதே."

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"ஸுபஹுக்குப் பொறகு வந்த."

ஸுபஹுக்குப் பிறகு! வாப்பாவின் ரேடியோ முன்னால் அவ்வளவு நேரமும்! தேங்காய்ப்பூக் கையோடு போய் அவருக்குப் பக்கத்தில் நின்று, "போடுங்க" என்றேன்.

திருகினார். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. "நான் தொட்ட உடனே பழுதாயிட்டுதா?" என்று என்னைப் பார்க்கிறார். வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? பார்க்கட்டும். பிறகு உள்ளே செம்மஞ்சளாக வெளிச்சம் வந்தது, இரைச்சல் வந்தது, அதற்குள்ளே ஒரு பெண்ணின் குரல் வந்தது. அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாப்பா சொருகின அண்டைக்கி நான் பொறக்கவே இல்ல" என்றார். "உம்மாதான் சொல்லுவா. புகை வந்தோடன வாப்பா கோவத்துல சாப்பிடவே இல்லையாம்." 

"ஆர்தான் சாப்பிடுவாங்க? எனக்கெண்டா ஒரு கிழமைக்கு சாப்பாடு எறங்காது" என்றேன். 

அவர் சிரித்தார். பிறகு அவருடைய வாப்பா கப்பலில் போன இடங்களைச் சொன்னார். நான் சிலாபத்து மனுவேலோடு பிடித்த சண்டையைச் சொன்னேன். எந்த வால்வு முதலில் கருகியது என்று காட்டச் சொன்னார், காட்டினேன். கையில் தேங்காய்ப்பூ காய்ந்துபோனது. இன்றைக்குப் பிறை கண்டால் நாளை முதல் நோன்பு, ஸஹருக்கு என்ன சமைப்பது என்பதில் போய் நின்றது கதை. ரேடியோ அந்த நேரம் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தது. என்ன பேசியது என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.